லேடாங் மலையடியில் ஒரு விடியற்காலை

தங்காக் நகரத்துக்கு நீங்கள் எத்தனை முறை போயிருப்பீர்கள்? தீபாவளிக்குச் சேலை எடுக்க, மகள் திருமணத்துக்குப் பட்டு எடுக்க, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்க என்று மூவாரிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் நம்மவர்கள் அங்கே போவது வழக்கம். துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர் அல்லவா அது! ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடையை விட்டு வெளியே வந்து, பையைத் தரையில் வைத்துவிட்டு, வடகிழக்கே தலையைத் தூக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அங்கேதான் லேடாங் மலை நிற்கிறது. ஜொகூர் மாநிலத்திலேயே உயரமான மலை. உயரம் 1,276 மீட்டர். பழைய கணக்கில் 4,187 அடி.

அந்த மலையடித் தோட்டமொன்றில் ஆசிரியராக இருக்கிறேன். தினமும் பார்க்கிற மலைதான். இருந்தாலும் அதை நான் ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு காலையில்தான் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் காலையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஒரு மாதத் தாளில் அமெரிக்கப் பாலைவனத்துப் பாறைகளின் படம் வந்தது. அரிசோனா, யூட்டா என்ற இரு மாநிலங்களின் எல்லையில் மான்யூமென்ட் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. செக்கச்செவேலென்ற மணற்பாறைகள் சில 1,000 அடி உயரம்கூடக் கோபுரம்போல் தனித்தனியாக நிற்கும். விடியற்காலை வெயிலில் எடுத்த படம். பாறையின் ஒரு பக்கம் நெருப்பாய் எரிய, மறுபக்கம் இருட்டில் கிடந்தது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்:

"சார், இந்த மாதிரி கல்லெல்லாம் நம்ம ஊர்ல இல்லையா?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது இதுதான்! வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. அந்த மலையின் மடியில் யானை படுத்ததுபோல் பாறைகள் கிடக்கின்றன. பத்து மைல் தொலைவுக்குள் இருந்தும் அவன் போனதில்லை. "இருக்கு தம்பி, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! பெற்றோரிடம் அனுமதி கேட்டேன். "சரி சார், ஆனா அவன் பாட்டியும் வரணும்னு சொல்றாங்க" என்று பதில் வந்தது.

பாட்டிக்கு 74 வயது. பதின்மூன்று வயதில் வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தவர். லேடாங் மலையடியிலேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று, பேரனையும் எடுத்தவர். ஆனால் சாகில் நீர்வீழ்ச்சிக்கு அவரும் ஒருநாள்கூடப் போனதில்லை. "வேலை இருந்தப்போ நேரமில்ல. நேரம் வந்தப்போ கூட்டிக்கிட்டுப் போக ஆளில்ல" என்றார். இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்தை அந்த ஆண்டு முடிவதற்குள் காலி செய்யவேண்டும். மகன் ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடு ஒன்று பார்த்துவிட்டார். போவதற்கு முன்னால் மலையைக் கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது பாட்டியின் ஆசை.

என் கேமராவைப் பற்றியும் சொல்லவேண்டும். என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது காலமானார். சடங்குக்கு மாலை போட ஒரு படம் தேடினோம். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசியில் அடையாளக் கார்டில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். முகம் புகை பிடித்ததுபோல் வந்தது. முப்பது வருடம் கத்தி பிடித்த கையின் படம் ஒன்றுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நான் முதலில் வாங்கியது கேமராதான். பழையது, இரண்டாம் கை. அதைத்தான் அன்று தோளில் மாட்டிக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. "விடியறதுக்கு முன்னால கிளம்பணும் பாட்டி, ஐந்தரைக்கு வருகிறேன்" என்று சொல்லியிருந்தேன். ஐந்து மணிக்கே காரை நிறுத்தினால், லயத்து வாசலில் பாட்டி தலையில் முண்டாசு கட்டி, வெற்றிலைப் பையோடு தயாராக நிற்கிறார்! பேரன்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"இது ஒரு நேரமா வாத்தியாரே? அந்தக் காலத்துல இந்நேரம் நான் நூறு மரம் வெட்டியிருப்பேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப அஞ்சு மணின்னா, அப்ப நாலரை. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது! கைக்குழந்தையாக இருந்திருப்பேன். 1982 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களெல்லாம் அரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டன. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று செய்த மாற்றம். அதனால்தான் நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது. "கடிகாரத்த மாத்தினாங்க. சூரியன மாத்த முடியுமா? பால் பழைய நேரத்துக்குத்தான் வடிஞ்சது" என்றார் பாட்டி.

தங்காக்–சிகாமட் சாலையில், மலை முழுதாகத் தெரிகிற ஓர் இடத்தில் காரை ஓரம் கட்டினேன். இருள் பிரியவில்லை. மலை கறுப்புத் துணியை விரித்ததுபோல் நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தோம். மெல்ல மெல்லக் கிழக்கு வெளுத்தது. முதலில் மலை முதுகின் விளிம்பு தெரிந்தது. பிறகு ஒரு மடிப்பு, அதற்குப் பின்னால் இன்னொரு மடிப்பு. அதுவரை தட்டையாக இருந்த மலை எங்கள் கண் முன்னாலேயே பருத்து எழுந்தது!

"படம் எடுக்கிறவங்க ஏன் விடியற்காலையில அலையறாங்க தெரியுமா?" என்று மாணவனுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டி குறுக்கே புகுந்தார்.

"நான் சொல்றேன். உச்சி வெயில்ல எல்லா மரமும் ஒரே மாதிரிதான் தெரியும். விடியுற நேரத்துலதான் வெளிச்சம் பக்கத்துல இருந்து வரும். பட்டையில இருக்கிற மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். கத்தி எவ்வளவு ஆழம் போகணும்னு கைக்குத் தெரியும்."

நான் வாயடைத்துப் போனேன். புகைப்படப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. சிறு பள்ளத்துக்கும் நிழல் கிடைக்கிறது. பாறைக்கு உருவம் வருவது அந்த நிழலால்தான். அதோடு, தாழ்ந்த சூரியனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீல ஒளி சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. நாட்காட்டிப் படத்துப் பாறை நெருப்பாய் எரிந்ததும் இதனால்தான்.

பால்மரத்துக்கும் இதே நேரம்தான் பொருந்துகிறது என்பது எவ்வளவு வேடிக்கை பாருங்கள்! இரவில் மரம் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விட்டுவிடுகின்றன, அழுத்தம் குறைகிறது, பால் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. ஆகவேதான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் தாத்தா பாட்டிகள் இருட்டில் காட்டுக்குப் போனார்கள். உலகத்துப் புகைப்படக்காரர்கள் காசு செலவழித்துத் தேடிப்போகிற அந்த நல்ல நேரத்தில் மூன்று தலைமுறையாக நாம் கண் விழித்திருக்கிறோம். ஆனால் நமக்காக விழிக்கவில்லை. கண் மரத்தின் மேல் இருந்தது. மலையை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

ஏழரை மணி வாக்கில் சாகில் பக்கம் போனோம். தங்காக் நகரில் நின்றால் மலை வடகிழக்கில் இருக்கும். சாகில் வந்துவிட்டால் வடமேற்கில் இருக்கும். அதனால் காலை வெயில் நேரே மலையின் முகத்தில் விழுகிறது. படமெடுக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உருவக்கோடு வேண்டுமானால் தங்காக் பக்கம், மலையின் பச்சையும் பாறையும் வேண்டுமானால் சாகில் பக்கம்.

பூங்காவின் வாசல் திறந்ததும் உள்ளே போனோம். ஓடையின் இரைச்சல் முதலில் காதுக்கு வந்தது. படிகளில் பாட்டி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். ஒரு திருப்பத்தில் பாறைகள் தெரிந்தன. அடேயப்பா! வீடு அளவில் சில, லாரி அளவில் சில, பானை அளவில் பல. எல்லாம் உருண்டை. யாரோ உருட்டி விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனதுபோல் ஓடை நெடுகக் கிடந்தன.

"யார் சார் இதையெல்லாம் உருண்டையாச் செதுக்கினது?" என்று மாணவன் கேட்டான்.

தண்ணீரும் காலமும்தான். இது கருங்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகிக் கருங்கல் ஆனது. மேலிருந்த மண்ணும் கல்லும் தேய்ந்து போக, அது வெளியே வந்தது. கல்லில் விரிசல்கள் விழுந்தன. விரிசலில் மழைநீர் இறங்கியது. ஒரு கட்டியின் மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் நீர் தாக்கும். ஆகவே மூலைதான் முதலில் மட்கும். மூலைகள் மட்கிப்போனால் மிஞ்சுவது உருண்டைதானே! மட்கிய பகுதி மண்ணாக அடித்துச் செல்லப்பட, உருண்டைகள் மட்டும் நின்றுவிட்டன. ஓடையின் மணலும் இந்தக் கல்லின் பிள்ளைதான். அதில் மின்னுகிற காக்காப்பொன்னை மாணவன் விரலால் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

பாலைவனப் பாறை மணற்பாறை, நம்முடையது கருங்கல். அங்கே மழை குறைவு, அதனால் கல் நிர்வாணமாக நிற்கிறது. இங்கே மழை மிகுதி, அதனால் பாசியும் பெரணியும் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கிற உருண்டைக் கல்லைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்பார்கள். ஏறத்தாழ 250 டன் எடையாம்! அதுவும் கருங்கல்தான், அதையும் இதே முறையில்தான் இயற்கை உருட்டியது. "உங்க தாத்தா ஊர்க் கல்லும் இந்தக் கல்லும் ஒரே சாதி" என்றேன். பாட்டி பாறையில் உள்ளங்கையை வைத்து, "குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

பாறையைப் படமெடுக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. அது எவ்வளவு பெரியது என்பது படத்தில் தெரியாது. வீடு அளவுப் பாறையும் கூழாங்கல் மாதிரி தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அளவு புரியும். "பாட்டி, அந்தக் கல்லு பக்கத்துல போய் நில்லுங்க" என்றேன். "என்னைய எதுக்குய்யா? கல்லைப் பிடி" என்று வெட்கப்பட்டார். பேரன் கெஞ்சியதும் போய் நின்றார்.

இன்னும் கொஞ்சம் பாறை படத்துக்குள் வரட்டும் என்று நான் ஓரடி பின்னால் வைத்தேன். பின்னால் பார்க்காமல் வைத்தேன். பாசி! கால் வழுக்கி, மடேரென்று விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. கேமரா கல்லில் மோதி, கண்ணாடி உள்ளே சிக்கிக்கொண்டது. திருப்பினால் கறகறவென்று சத்தம்தான் வந்தது. பிள்ளைகளுக்கு நாள் முழுதும் "பார்த்து நட" என்று சொல்கிற வாத்தியார், மாணவனுக்கு முன்னால் இப்படி விழலாமா?

மாணவன் சிரிக்கவில்லை. கைகொடுத்துத் தூக்கினான். பிறகு அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த கைப்பேசியை எடுத்து, "சார், நான் எடுக்கட்டா?" என்றான்.

"எடு" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒன்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளை நீர் படத்துக்குள் இருந்தால் கருவி ஏமாந்துபோய்ப் பாறையை இருட்டாக்கிவிடும். ஆகவே திரையில் பாறையின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். கை ஆடாமலிருக்க முழங்கையைக் கல்லில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். மரங்களுக்கிடையே வெயில் இறங்கி வந்து பாறையின் ஒரு பக்கத்தைத் தொட்டது. பாட்டி, படம் எடுத்து முடிந்துவிட்டது என்று நினைத்து, முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே மலையைப் பார்த்தார். அப்போதுதான் அவன் அழுத்தினான்.

பிறகு ஒரு சமமான கல்லில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். பிளாஸ்க்கில் கோப்பி இருந்தது. மலையின் கதைகளைச் சொன்னேன். ஐரோப்பியர்கள் இதற்கு ஓபிர் மலை என்று பெயரிட்டார்கள். விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த நாட்டின் பெயர் அது. ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1854-இல் இங்கே ஏறினார். 1869-இல் வெளிவந்த மலாய்த் தீவுக்கூட்டம் என்ற நூலில் அதை எழுதியிருக்கிறார். சுமார் 2,800 அடி உயரத்தில் பாடாங் பத்து, அதாவது கல் மைதானம் என்ற பெரும் பாறைச் சரிவைக் கண்டார். அங்கே தாகம் எடுத்தது, தண்ணீர் இல்லை. பாறை வெடிப்பில் முளைத்திருந்த குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்தாராம். பூச்சிகள் மிதந்தாலும், வெதுவெதுப்பாக இருந்தாலும், சுவை மோசமில்லை என்கிறார். மலாய்க்காரர்கள் அந்தச் செடியைப் பெரியோக் கெரா, குரங்குப் பானை என்பார்கள்.

மலையின் இளவரசி கதை உங்களுக்குத் தெரிந்ததே. மலாக்கா சுல்தான் மஹ்முட் ஷா பெண் கேட்டு ஆளனுப்பினார். இளவரசி நிபந்தனைகள் போட்டாள். மலாக்காவிலிருந்து மலைக்குப் பொன்னில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம், ஒரு தாழி பாக்கு நீர், ஒரு தாழி கண்ணீர், கடைசியில் சுல்தானுடைய மகனின் இரத்தம்! தந்தை அதற்குமேல் போகவில்லை, திருமணம் நின்றுபோனது.

பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டிருந்தார். "பாக்கு நீருக்கும் கண்ணீருக்கும் ராசா ஏன் கஷ்டப்பட்டாரு? எங்க லயத்துக்கு ஆள் அனுப்பியிருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல நெறைச்சுக் குடுத்திருப்போமே" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

திடீரென்று பாட்டி எழுந்தார். "கெளம்புங்க. தண்ணி நெறம் மாறுது."

பார்த்தேன். கண்ணாடியாக இருந்த ஓடை இலேசாகக் கலங்கியிருந்தது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. நாங்கள் இருந்த இடத்தில் வெயில்தான். மேலே மலையுச்சி மேகத்துக்குள் போயிருந்தது. வாசகர்களே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். கீழே வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்தால் ஓடையில் வெள்ளம் சட்டென்று இறங்கும். மலாய் மொழியில் கெப்பாலா ஆயர் என்பார்கள். நீர் கலங்கினாலும், சருகு மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கரையேறிவிட வேண்டும். நாங்கள் ஏறினோம். அன்று பெருவெள்ளம் எதுவும் வரவில்லை. வராததற்காக வருத்தப்படுவார் உண்டா?

தங்காக்கில் ஒரு கடையில் படங்களைக் கழுவினோம். நான் விழுவதற்கு முன் எடுத்தவை பன்னிரண்டு. மலை உருவக்கோடு இரண்டு சுமாராக இருந்தன. மாணவன் எடுத்ததோ ஒன்று. பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஒரு பெரும் பாறை. அதன் அடியில் சின்னதாக ஒரு மூதாட்டி, கையில் துணியோடு, மலையை நிமிர்ந்து பார்க்கிறார். பாறை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த அந்தக் கையும் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம்.

பாட்டி நெடுநேரம் பார்த்தார். "மலை நல்லா விழுந்திருக்கு" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் அவர்கள் ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது அந்தப் படத்தை மட்டும் பாட்டி யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். என் அப்பாவுக்கு இல்லாத ஒன்று அந்த வீட்டுக்குக் கிடைத்தது என்று எனக்குள் ஒரு நிம்மதி. கேமராவைப் பழுது பார்க்க ஆன செலவு பெரிதாகத் தெரியவில்லை.

அன்பர்களே, தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்பு எழும்புகிறது. பெரட்டுக்களமும் ஆயாக்கொட்டகையும் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. இன்று வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருக்கிறது. அதில் ஒரு கேமராவும் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைப் படமெடுக்கிறோம். வீட்டில் மூத்தவர்களை எடுத்தோமா?

அடுத்த விடுமுறையில் உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ அழைத்துக்கொண்டு ஒரு விடியற்காலையில் புறப்படுங்கள். லேடாங் வரவேண்டும் என்றில்லை. உங்கள் ஊர்க் குன்றும் போதும். லேடாங் வருவதானால் வாசல் திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு ஏறுவதென்றால் முன்பதிவும் வழிகாட்டியும் வேண்டும். வழுக்காத காலணி அணியுங்கள். பின்னால் பார்க்காமல் கால் வைக்காதீர்கள், என்னைப்போல! படத்தைக் கழுவியதும் பின்பக்கம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

இத்தனை காலம் மரத்துக்காக விழித்தோம். ஒரு நாளாவது நமக்காக விழிப்போமே!